வன்னிப் பாடசாலையில் செயலமர்வு: வெளிநாட்டிலிருந்து வரும் தன்னார்வ ஆசிரியர்களுக்கு ஒரு கைந்நூல்

ரொறன்ரோ, இலண்டன், ஒஸ்லோ, சிட்னி என்று பல இடங்களிலிருந்தும் ஆசிரியர்களும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் விடுமுறைக்கு வரும்போது இலங்கையின் வன்னியிலுள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பாடசாலைகளில் செயலமர்வு நடத்த விரும்புகிறார்கள். வருகிறவர் ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ நிற்பார். அங்குள்ள ஆசிரியர்தான் வருடம் முழுக்க அந்தப் பிள்ளைகளோடு நிற்பவர். ஆகவே திட்டமிடத் தொடங்கும்போதே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நீங்கள் விமானம் ஏறிய அடுத்த மாதம், அந்த ஆசிரியர் பக்கத்துக் கடையில் கிடைக்கும் பொருட்களை வைத்து இதே செயலமர்வைத் தனியே நடத்துவாரா? முடியாதென்று தோன்றினால் பொருளை மாற்றுங்கள், முறையை மாற்றுங்கள், தேவைப்பட்டால் தலைப்பையே மாற்றுங்கள். கீழே சொல்லப்படுவது எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றியே.

எந்த மாதம் வருவது

பலர் இங்கேயே தவறுகிறார்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் கோடை விடுமுறை யூலை, ஓகஸ்டில் வருகிறது. இலங்கைப் பாடசாலைகளின் இரண்டாம் தவணை விடுமுறையும் வழக்கமாக ஓகஸ்டில்தான். விமானச்சீட்டை முதலில் எடுத்துவிட்டு அதிபருக்குப் பிறகு எழுதினால், பூட்டிய வாயிற்கதவுக்கு முன் நிற்க நேரிடும். அல்லது உங்களுக்காகப் பிள்ளைகளை விடுமுறையில் வரச்சொல்வார்கள். பள்ளிப் பேருந்து ஓடாது, பாடசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் மட்டும் வருவார்கள். கொரோனாவுக்குப் பிறகு தவணைத் தேதிகளும் பரீட்சைத் தேதிகளும் அடிக்கடி நகர்ந்திருப்பதால், போன வருட நாட்காட்டியை நம்ப வேண்டாம். அந்த வருடத்துச் சுற்றறிக்கைத் தேதிகளை அதிபரிடம் கேட்டு வாங்கிய பிறகே சீட்டு எடுங்கள்.

தவணைக்குள்ளும் எல்லாக் கிழமையும் ஒன்றல்ல. முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர்ப் போட்டிக்கான பயிற்சி பாடவேளைகளை விழுங்கிவிடும். மாசி, பங்குனியில் காலபோக நெல் அறுவடை. வளர்ந்த பிள்ளைகள் பலர் வயலில் நிற்பார்கள். பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் என்று வந்தால் அந்தந்தச் சுற்றுவட்டாரத்தில் வரவு குறையும். ஐப்பசியிலிருந்து மழை. தாழ்ந்த இடங்களில் வெள்ளம் வந்தால் பாடசாலையே இடம்பெயர்ந்தோர் தங்கும் இடமாகிவிடுவதும் உண்டு. சாதாரண தர, உயர்தரப் பரீட்சை நிலையமாக இருக்கும் பாடசாலை அந்த நாட்களில் மூடப்படும். தவணை தொடங்கி மூன்றாம் கிழமைக்கும் தவணைப் பரீட்சைக்கு மூன்று கிழமைக்கு முன்புக்கும் இடைப்பட்ட காலமே நல்லது.

அனுமதி

மாகாணப் பாடசாலை என்றால் அதிபர், அவர் வழியாக வலயக் கல்விப் பணிப்பாளர். சில வேளைகளில் மாகாணக் கல்வித் திணைக்களம் வரை கடிதம் போகும். தேசியப் பாடசாலைகள் பத்தரமுல்லையிலுள்ள மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருவதால் பாதை நீளம். மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். கடிதத்தில் இருக்க வேண்டியவை: வருகிறவர்களின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், கல்வித் தகைமை, எந்தத் தரத்துக்கு எந்தப் பாடம், நாள்வாரி நேரம், கொண்டுவரும் பொருட்களின் பட்டியல், பணம் எதுவும் கைமாறுமானால் எந்தக் கணக்கு வழியாக என்பது. நீங்கள் வாழும் நாட்டின் காவல்துறை நற்சான்றிதழையும் இணையுங்கள். கேட்காவிட்டாலும் இணையுங்கள், பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவர் அதைத் தாமாகக் காட்டுவதே முறை.

விசாவைப் பற்றி ஒன்று. சுற்றுலா விசா வேலை செய்வதற்கானது அல்ல, சம்பளம் வாங்காத வேலைக்கும் அது பொருந்தாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, வந்த பதிலை அதிபருக்கும் அனுப்புங்கள். பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அதிபர். அவரைச் சிக்கலில் விட்டுவிட்டு நீங்கள் போய்விடக் கூடாது.

முதல் உரையாடல் பாட ஆசிரியருடன்

அனுமதி அதிபரிடமிருந்து வரும். செயலமர்வு பாட ஆசிரியரோடுதான் பிறக்கும். வருவதற்கு முன் இரண்டு முறையாவது அவரோடு பேசுங்கள். அவர் உங்களை விட இளையவராக இருந்தாலும் சேர், ரீச்சர் என்றே கூப்பிடுங்கள். கனடாப் பழக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைகள் முன்னால் அவருடைய இடம் குறைந்துபோகும். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்டால் "எதெண்டாலும் நல்லம்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: இந்தத் தவணையில் எந்த அலகைப் படிப்பிக்கக் கஷ்டமாக இருக்கிறது? எந்தச் செய்முறையைப் பொருள் இல்லாமல் வாயால் சொல்லிக் கடக்கிறீர்கள்? வகுப்பில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் சரளமாக வாசிப்பார்கள்? ஆய்வுகூடத்தில் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறதா? எந்தப் பிள்ளைக்குக் காது, கண் குறைபாடு இருக்கிறது, யாரை முன்னால் இருத்த வேண்டும்?

சிறிய பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பிப்பவர் கணித ஆசிரியராகவோ விவசாய ஆசிரியராகவோ இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் "உங்களுக்கு இது தெரிந்திருக்கும்" என்று தொடங்கினால் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

பாடநூலைக் கட்டாயம் வாசித்துவிட்டு வாருங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரப் பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆசிரியர் வழிகாட்டிகள் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் இருக்கின்றன. பிள்ளை பரீட்சையில் எழுத வேண்டியது அந்த நூலில் உள்ள சொல்லை. ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, கல்சியம் காபனேற்று என்று படிக்கிற பிள்ளையிடம் தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கையோ ஆங்கிலச் சொல்லையோ மாறி மாறிச் சொன்னால், ஒரே பொருளுக்கு மூன்று பெயர் என்று குழம்பிப் போகும். உங்கள் செயலமர்வில் வரும் சொற்களை நூலிலிருந்து ஒரு தாளில் எழுதி, வாயில் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு முழு உதாரணம்: கிணற்றுத் தண்ணீரின் வன்மை

எப்படிப்பட்ட தலைப்பு வன்னிக்குப் பொருந்தும் என்பதைக் காட்ட ஒன்றை முழுவதுமாகத் தருகிறோம். வன்னியில் பெரும்பாலான வீடுகளில் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு இருக்கும். சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று அம்மாமார் முறையிடுவார்கள். காரணம் தண்ணீரிலுள்ள கல்சியம், மகனீசிய உப்புகள். இவை தண்ணீரில் எவ்வளவு இருக்கின்றன என்பதே அதன் வன்மை. இதை அளக்க ஆய்வுகூடமே தேவையில்லை.

36 பிள்ளைகள், நான்கு பேராக ஒன்பது குழு, தொடர்ந்து இரண்டு பாடவேளை, அதாவது 80 நிமிடம். ஆறு பேர் குழு வேண்டாம். நான்கு பேர் செய்ய இருவர் வெளியே பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் மூடியோடு 500 மில்லிலீற்றர் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல் நான்கு, ஊசி இல்லாத 5 மில்லிலீற்றர் சிரிஞ்சி இரண்டு. சிரிஞ்சி எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும்; ஊசியைக் கழற்றி கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். போத்தல்களை ஒரு கிழமை முன்பே பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லலாம். சிரிஞ்சி ஏன் இரண்டு? ஒன்று தண்ணீருக்கு, மற்றது சவர்க்காரக் கரைசலுக்கு. ஒன்றையே இரண்டுக்கும் பாவித்தால் அளக்குமுன்பே மாதிரிக்குள் சவர்க்காரம் போய், அளவு குறைவாக வரும். தண்ணீர் சிரிஞ்சியில் நீல நூலும் மற்றதில் சிவப்பு நூலும் கட்டிவிடுங்கள்.

நான்கு வகைத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர்: மழைத்தண்ணீர், பாடசாலைக் கிணற்றுத் தண்ணீர், அதே கிணற்றுத் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு மேல்தெளிவை வடித்தது, குளத்துத் தண்ணீர். குளத்துத் தண்ணீரைப் பெரியவர் ஒருவர் எடுத்து வரட்டும். அதற்காகப் பிள்ளைகளைக் குளத்துக்கு அனுப்ப வேண்டாம். வரண்ட காலத்தில் மழைத்தண்ணீர் இல்லாவிட்டால் ஊரில் கிடைக்கும் ஆர்.ஓ. சுத்திகரிப்புத் தண்ணீரை எடுங்கள். அதுவும் இல்லையென்றால் பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர். வாங்கும்போது அது நீர்தான், பற்றறி அமிலம் இல்லை என்பதைச் சுட்டுத்துண்டைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். கடையில் விற்கும் போத்தல் குடிநீர் எல்லாம் உதவாது. சிலவற்றில் கனியுப்பு இருக்கும்.

சவர்க்காரக் கரைசல் தயாரிப்பதில்தான் பலருடைய செய்முறை குழம்புகிறது. 5 கிராம் துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியைத் துருவி, 500 மில்லிலீற்றர் சுடு மழைத்தண்ணீரில் கரையுங்கள். தராசு இல்லையென்றால் 100 கிராம் கட்டியை 20 சமதுண்டுகளாக வெட்டி ஒன்றை எடுங்கள். உண்மையான சவர்க்காரக் கட்டியாக இருக்க வேண்டும். சலவைத்தூள், சம்பூ, பாத்திரம் கழுவும் திரவம் ஆகியவை வன்மையான நீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை. அவற்றைப் பாவித்தால் நான்கு தண்ணீரும் ஒன்றுபோலவே நுரைத்து, பிள்ளைகள் "வித்தியாசம் இல்லை" என்று கொப்பியில் எழுதிவிடுவார்கள். கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் அங்கேயே வெண்திரளாகத் திரண்டு, சவர்க்காரத்தில் ஒரு பங்கு வீணாகும். முதல்நாள் கரைத்து வைத்தால் காலையில் கூழாக இறுகியிருக்கக்கூடும். போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்குங்கள். அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டு மேலே உள்ளதை வடித்தெடுங்கள்.

முறை இது. போத்தலில் 20 மில்லிலீற்றர் தண்ணீர், அதாவது சிரிஞ்சி நான்கு முறை. சவர்க்காரக் கரைசலை அரை மில்லிலீற்றராகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மூடிப் பத்து வினாடி குலுக்கி, மேசையில் வைத்து முப்பது வரை எண்ணுங்கள். நுரைப்படை உடையாமல் நின்றால் அதுதான் முடிவு. சேர்த்த மொத்த அளவைக் குறியுங்கள். மழைத்தண்ணீருக்கு அரை அல்லது ஒரு மில்லிலீற்றரே போதும். லீற்றருக்கு 300 மில்லிகிராம் வன்மையுள்ள கிணற்றுத் தண்ணீருக்கு ஏறத்தாழ 5 மில்லிலீற்றர் செல்லும். கொதித்தது பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

குழுவில் ஒருவர் தண்ணீர் அளப்பவர், ஒருவர் கரைசல் சேர்ப்பவர், ஒருவர் குலுக்கி எண்ணுபவர், ஒருவர் எழுதுபவர். ஒவ்வொரு தண்ணீருக்கும் இந்தப் பொறுப்பு வட்டமாக மாற வேண்டும். பொறுப்பைப் பிரிக்காமல் விட்டால் குழுவில் பலசாலியான பிள்ளையின் கையிலேயே சிரிஞ்சி கடைசிவரை இருக்கும், எழுதும் வேலை எப்போதும் பெண்பிள்ளைக்குப் போகும்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் எட்டு நிமிடம் வெள்ளைப் படிவுள்ள கேத்தலை மேசையில் வைத்து, இது எங்கிருந்து வந்தது என்று குழுக்களை ஊகிக்கவிடுங்கள். சரி பிழை சொல்லாதீர்கள். அடுத்த ஏழு நிமிடம் பொருளும் பொறுப்பும். அளப்பதற்கு 35 நிமிடம். பிறகு ஒன்பது குழுவின் அளவுகளையும் கரும்பலகையில் ஒரே அட்டவணையில் எழுதுங்கள், 15 நிமிடம். ஒரு குழுவின் எண் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் அதை அழிக்க வேண்டாம். ஏன் விலகியது என்று வகுப்பைக் கேளுங்கள்: போத்தலைச் சரியாகக் கழுவவில்லையா, சிரிஞ்சி மாறியதா, எண்ணியது முப்பதா பதினைந்தா? அந்தப் பேச்சுக்குள்தான் விஞ்ஞானம் இருக்கிறது. மீதி 15 நிமிடத்தில் விளக்கமும் கொப்பியில் எழுதுவதும்: கொதிக்கவைக்கும்போது கரைந்திருந்த கல்சியம் இருகாபனேற்று கரையாத கல்சியம் காபனேற்றாகப் படிகிறது, கேத்தலில் இருப்பதும் அதுவே.

எங்கே பிசகும்? மாரி முடிந்த கையோடு கிணறு நிரம்பியிருக்கும்போது தண்ணீர் ஐதாகி, வித்தியாசம் குறைந்து தெரியலாம். அதனால் முதல்நாளே எல்லாத் தண்ணீரையும் நீங்களும் பாட ஆசிரியரும் சேர்ந்து ஒருமுறை அளந்து பாருங்கள். கொதித்த பிறகும் அளவு குறையவில்லையென்றால் அது பிழையல்ல. சல்பேற்று, குளோரைட்டு உப்புகளால் வரும் வன்மை கொதித்தலால் போகாது. கரையோர உவர்க் கிணறு என்றால் கறியுப்பே சவர்க்காரத்தைத் திரளவைக்கும், எண்களுக்கு அர்த்தம் இருக்காது. வேறு கிணறு பாருங்கள்.

பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள், அதுவும் வவுனியாப் பக்கம் நிச்சயம் கேட்பார்கள்: "இந்தத் தண்ணியாலயோ சிறுநீரக வருத்தம் வருது?" அந்தப் பகுதியில் பலருக்கு வரும் நாட்பட்ட சிறுநீரக நோயைத்தான் கேட்கிறார்கள்; அதன் காரணம் இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. சவர்க்காரச் சோதனை வன்மையை மட்டும் சொல்லும், குடிக்கலாமா கூடாதா என்பதைச் சொல்லாது. இதைத் தெளிவாகச் சொல்லி, தண்ணீரைப் பரிசோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் சொன்னார் என்று ஒரு குடும்பம் கிணற்றை மூடிவிட்டால் பொறுப்பு யாருடையது?

வகுப்பறை எப்படி இருக்கும்

பல கட்டடங்கள் அரைச்சுவரும் கூரையும் மட்டும் கொண்டவை. வெளிச்சம் எல்லாப் பக்கமும் வரும், ஆகவே புரொஜெக்டர் திரையில் எதுவும் தெரியாது. பக்கத்து வகுப்பின் சத்தம் முழுவதும் கேட்கும். உங்கள் வகுப்பின் கைதட்டலும் அங்கே கேட்கும், எனவே பக்கத்து ஆசிரியரிடம் முன்பே ஒரு சொல் சொல்லிவையுங்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் யார் கத்தினாலும் கேளாது. அந்த நேரத்துக்கு எழுத்து வேலை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

படம் காட்டுவதற்குப் பிரிஸ்டல் போட் என்ற தடித்த தாளே நல்லது. கடைசி வாங்கிலுக்கு ஏழு, எட்டு மீற்றர் தூரம் இருந்தால் எழுத்து 5 சென்ரிமீற்றர் உயரமாவது வேண்டும். கறுப்பு அல்லது கடுநீலம், மஞ்சளும் செம்மஞ்சளும் தெரியாது. காற்றில் தாள் பறக்கும், குழுவுக்கு இரண்டு கல் கொடுங்கள். போட்டோக் கொப்பிகளைக் கிளிநொச்சி, வவுனியா, மாங்குளம் போன்ற இடங்களில் கடக்கும்போதே எடுத்துவிடுங்கள். உள்ளூரில் மின்சாரம் நின்றால் கடையும் நிற்கும்.

மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஏற்சு. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் கருவியில் 100 முதல் 240 என்று எழுதப்படாவிட்டால் சொருகிய கணத்தில் எரிந்துவிடும். பழைய கட்டடங்களில் உருண்டை முள் மூன்று ஓட்டைச் சொருகி, புதியவற்றில் பிரித்தானியச் சதுர முள். இரண்டுக்கும் மாற்றி கொண்டுவாருங்கள்.

பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை, எட்டுப் பாடவேளை. கைவேலை உள்ள செயலமர்வை இடைவேளைக்கு முன்னுக்கு வையுங்கள். பதினொன்றரைக்குப் பிறகு தகரக் கூரைக்குக் கீழ் வெக்கை ஏறும். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகளும் அந்த நேரத்தில் சோர்ந்துவிடுவார்கள். இதே காரணத்தால் அரிசி, மா, பால், முட்டை போன்ற சாப்பாட்டுப் பொருட்களைக் கொட்டிச் செய்யும் செய்முறைகளை முற்றாகத் தவிர்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆங்கிலச் செயலமர்வு என்றால்

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் வீணாவதும் இதுதான். வந்தவுடன் ஒரு பிள்ளையை எழுப்பி ஆங்கிலத்தில் பேசச் சொல்லாதீர்கள். அது வாயைத் திறக்காது, அன்று முழுவதும் வேறு யாரும் திறக்க மாட்டார்கள். முதலில் வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லட்டும். பிறகு அதே வாங்கிலில் பக்கத்தில் இருப்பவரோடு இருவராக. அதன் பிறகே விரும்புபவர் எழுந்து. ஒரு பாடவேளைக்கு மூன்று வசன அமைப்புக்கு மேல் வேண்டாம். உங்கள் கனடிய, பிரித்தானிய உச்சரிப்பு பாட ஆசிரியரின் உச்சரிப்பிலிருந்து மாறும். இரண்டும் சரியே என்று பிள்ளைகள் முன் சொல்லிவிடுங்கள். சூழ்நிலைகளை இங்கிருந்தே எடுங்கள்: ஏ9 வீதியில் பேருந்து விசாரிப்பது, வைத்தியசாலையில் துண்டு எடுப்பது, யாழ்தேவி ரயிலில் இருக்கை தேடுவது. பனி பெய்யும் படமும் சுரங்க ரயிலும் இருக்கிற பயிற்சித்தாளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

ஒரு பிள்ளையோடு தனியே மூடிய அறையில் இருக்க வேண்டாம். எந்த நேரமும் பாடசாலை ஆசிரியர் ஒருவர் கூட இருக்க வேண்டும். முகம் தெரியும் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். கைகள், பொருட்கள், கரும்பலகை போதும். தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். தனிப்பட்ட பிள்ளைக்குப் பணமோ பரிசோ கொடுத்தால் மற்ற 35 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உதவி செய்ய விரும்பினால் அதிபரிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் பேசுங்கள்.

போரைப் பற்றி எழுது, வரை, சொல் என்று எந்தப் பயிற்சியும் கொடுக்காதீர்கள். இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். ஆனால் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் போருக்குள்ளால் வந்தவராக இருக்கலாம், பிள்ளையின் வீட்டில் ஒரு படத்துக்கு மாலை தொங்கலாம். "அப்பாட்டக் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ" என்ற சாதாரண வீட்டுவேலை கூடச் சில பிள்ளைகளைத் தலைகுனியச் செய்யும். அப்பா இல்லாதவர்கள், அம்மா மத்திய கிழக்கில் வேலை செய்ய அம்மம்மாவோடு இருப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. "வீட்டில இருக்கிற பெரிய ஆள் ஒராளிட்டக் கேளுங்கோ" என்று சொல்லுங்கள். பலூனை வெடிக்கவைக்கும் செய்முறையை விட்டுவிடுங்கள். போரில் இறந்தோரை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய கிழமையில் முல்லைத்தீவுப் பக்கம் கலகலப்பான நிகழ்ச்சி எதையும் வைக்காதீர்கள்.

வெளிக்கள வேலை பாடசாலை வளவுக்குள் இருக்கட்டும். வன்னியில் சில இடங்களில் மிதிவெடி அகற்றல் இன்னும் முடியவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் அங்கேயே நில்லுங்கள். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் ஊரவர் சொல்லாமல் இறங்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கான செயலமர்வும் கையளிப்பும்

பிற்பகல் 1.30க்குப் பிறகு ஆசிரியர் செயலமர்வு வைத்தால் பாதிப்பேர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆர்வமில்லாததால் அல்ல. பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ஒவ்வொரு நாளும் வந்து போகிறவர்கள். உள்வீதியிலிருந்து ஏ9க்குப் போகும் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் வீடு சேர இருட்டிவிடும். சில இடங்களில் பின்னேரத்தில் யானையும் வீதிக்கு வரும். ஆகவே வலயத்தின் ஆசிரிய ஆலோசகரோடு பேசி, பாடசாலை நேரத்துக்குள் கடமை விடுவிப்போடு ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள். ஆலோசகர் கூட இருந்தால் செயலமர்வு வலயத்தின் மற்றப் பாடசாலைகளுக்கும் போகும். பங்குபற்றியவர்களுக்கு வலயக் கையொப்பத்தோடு சான்றிதழ் கிடைக்க ஒழுங்கு செய்யுங்கள், அது அவர்களின் கோவைக்குப் பயன்படும்.

கைமாற்றம் மூன்று நாளில் நடக்க வேண்டும். முதல் நாள் நீங்கள் நடத்த, பாட ஆசிரியர் இரண்டு குழுக்களைப் பார்த்துக்கொள்வார். இரண்டாம் நாள் வேறொரு வகுப்பில் அவர் நடத்த, நீங்கள் குழுக்களைப் பார்ப்பீர்கள். மூன்றாம் நாள் தயாரிப்பிலிருந்து கழுவி அடுக்குவது வரை அவரே; நீங்கள் பின் வாங்கிலில் வாய் திறக்காமல் இருப்பீர்கள். பிழை போனாலும் எழுந்து போகாதீர்கள், முடிந்த பிறகு தேநீரோடு பேசுங்கள். ஒரு தரத்துக்கு ஒரு வகுப்பே உள்ள சிறிய பாடசாலையில் மேல்தரத்தையோ பக்கத்துப் பாடசாலையையோ சேர்த்து மூன்றாக்குங்கள். எப்போதும் இரண்டு ஆசிரியர்களைப் பழக்குங்கள். இடமாற்றக் கடிதம் ஒன்று வந்தால் எல்லாம் ஒருவரோடு போய்விடக் கூடாது.

பொருட்களை மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து, பட்டியலோடு அதிபரிடம் எழுத்தில் கையளித்து, பாடசாலை இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறியது கணக்காய்வில் கேட்கப்படும் என்பதால் "உடையும்" என்ற பயத்தில் அலுமாரிக்குள் பூட்டிவைக்கும் பழக்கம் உண்டு. சிரிஞ்சி, போத்தல், சவர்க்காரம் ஆகியவற்றைப் பாவித்து முடியும் பொருட்கள் என்று தனியே எழுதினால் அந்தப் பயம் இல்லை. பெட்டிக்குள் ஒரு பக்கச் செய்முறைத் தாள், பிளாஸ்ரிக் உறையில்: அளவுகள், நேரப் பிரிப்பு, எங்கே பிசகும் என்பது, அந்தப் பாடசாலைக் கிணற்றில் கிடைத்த எண்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ நிலத்திலோ வைக்காதீர்கள், கறையான் தாளை முதலில் தின்னும்.

போன பிறகு ஆசிரியரோடு தொடர்பு ஒரு தவணைக்கு இரண்டு முறை போதும். வன்னியில் இரவு 7.30 என்றால் கோடையில் ரொறன்ரோவில் காலை 10 மணி, இலண்டனில் பிற்பகல் 3 மணி. அந்த நேரம் அவர் வீடு சேர்ந்து, சாப்பாட்டுக்கு முன் ஓய்வாக இருப்பார். "பிள்ளையள் எப்பிடி?" என்று கேட்டு முடிக்காமல், செய்முறையை எந்த வகுப்பில் செய்தார், கிணற்றுத் தண்ணீருக்கு எத்தனை மில்லிலீற்றர் வந்தது, எந்தப் பொருள் முடிந்தது என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் காரணத்தைக் கேட்டு, தாளில் அந்த இடத்தைத் திருத்தி, அடுத்து வருகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள்.